நாலு விரற்கடை பின்னால்

கிண்ணியாப் பாலம் தாண்டி
பழைய இரும்புக் கடையில்
நசுங்கிய அலுமினியச் சட்டிகளுக்குள் கிடந்தது.
முபாரிஸ் தராசில் போடப் பார்த்தான்.
கண்ணாடிக்கு நிறை பார்க்காதே என்றேன்.
மூவாயிரத்து ஐந்நூறு.
கழுத்தைச் சுற்றி ரஷ்ய எழுத்து.
இலக்கத்தில் முதலிரண்டும் ஆறு, ஒன்று.
அதுதான் பிறந்த வருஷமாம்.
எந்தக் கப்பலால் இறங்கியது,
யார் நெஞ்சில் தொங்கியது,
அவனுக்குத் தெரியாது, எனக்கும் வேண்டியிருக்கவில்லை.

உள்ளே ஓரமாய்ப் பூஞ்சணம்,
இறால் மீசை மாதிரி.

கமெரா புதியது.
இன்னும் பதினொரு தவணை இருக்கிறது.
இடையில் ஒரு பித்தளை வளையம் வைத்துத் திருகினேன்,
சம்மதித்தது.
ஆனால் ஒவ்வொரு படத்தின் அடியிலும்
திகதி, மணி, செக்கனில் எத்தனையில் ஒரு பங்கு
எல்லாம் எழுதிவிட்டு
லென்ஸ் என்ற இடத்தில் மட்டும்
தெரியாது என்று போடுகிறது.
ஒரு காலத்தில் சாவடியில் இப்படிச் சொல்லியிருந்தால்
பஸ்ஸால் இறக்கியிருப்பார்கள்.

விடிய ஆறேகால், டச்சுக் குடா.
சூரியனுக்கு நேரே பிடித்தால்
படம் முழுக்கப் பால் பொங்கி வழிகிறது.
வள்ளம் கரைந்து போகிறது, இழுக்கிற ஆட்கள் கரைந்து போகிறார்கள்,
கயிறு மட்டும் மிஞ்சுகிறது
யாரும் இழுக்காமலே இறுகி.

பார்க்கிற துளைக்குள் நடுவில் சின்னதாய் ஒரு சதுரம்.
அதற்குள் எதுவும் இரண்டு.
கோட்டை வாசலில் மான் ஒன்று, மானின் ஆவி ஒன்று.
வளையத்தைத் திருப்பத் திருப்ப
ஒன்று மற்றதைத் தேடி நகரும்.
ஏறி உட்காருகிற நேரம் பார்த்து அமுக்க வேண்டும்.
மான் அதற்குள்
யாரோ எறிந்த லன்ச் ஷீற்றைச் சப்பி முடித்து
போய்விட்டது.

வில்வராணிக்கு ஒரு படம் வேண்டும்.
மாவாலையில் இரவு முறை முடித்து
இமையில் வெள்ளையோடு வந்து நின்றாள்.
ஒரு மீற்றருக்குக் கிட்ட இந்தக் கண்ணாடி வராது என்றேன்.
"மரியாதையான சாமான்" என்றாள்.
மதிலோரம் நிறுத்தி
இரண்டு வில்வராணியை ஒன்றாக்கி
மூச்சைப் பிடித்து அமுக்கினேன்.

பெருப்பித்துப் பார்த்தால்
கண் மங்கல், மூக்கு மங்கல்,
காது மட்டும் வெட்டி ஒட்டியது போல.

"தோடு நல்லா விழுந்திருக்கு.
போன கிழமைதான் அடைவு மீட்டது.
உரைச்சுப் பார்த்த கீறலும் தெரியுது, பாருங்க."

எனக்குப் பொறுக்கவில்லை.
செய்தவர்கள் அளந்த அளவு வேறு,
இந்த உடம்புக்காரர் அளந்த அளவு வேறு.
மயிரிழைதான்.
அது முகத்துக்கு வரும்போது நாலு விரற்கடை.
சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாளை
வட்டமாய் வெட்டி உள்ளே வைத்தேன், காணாது.
இரண்டு வைத்தேன்,
ஆளுக்கு முன்னால் வெறுங்காற்றைக் கூர்மையாய்ப் பிடித்தது.
இரண்டாவதைத் தட்டையான கல்லில் வைத்து
கரண்டி முதுகால் தேய்த்துத் தேய்த்து
ஒன்றரை ஆக்குவதற்குள்
சனிக்கிழமை வந்துவிட்டது.

அதே மதில். அதே முறை முடிந்த நேரம்.
இமைமயிரில் மாவை எண்ணலாம்.
கருமணிக்குள்
கமெராவைத் தூக்கியபடி சிறிதாய் நான்.
வெற்றி என்று நீட்டினேன்.

கனநேரம் பார்த்தாள்.
"இது வேலையால வந்த ஆள்" என்றாள்.
"எனக்கு மற்றதைத் தாங்க."

அதைத்தான் பெரிதாக்கி, சட்டம் போட்டுக் கொடுத்தேன்.

வெள்ளித்தாள் இன்னும் உள்ளேதான் இருக்கிறது.
தோடு போட்டு யாரும் வந்தால்
இரண்டையும் ஒன்றாகப் பொருந்தவிட்டு,
அமுக்குமுன்
நாலு விரற்கடை முன்னால் சாய்கிறேன்.