ஏழாவது வரி

நேற்று மதியம் பதினான்காம் லாட்டை
ஒரே ஒரு வரியை மறந்து
நீலமாக்கிவிட்டேன்.

கேமரா சரி. விளக்குப் பெட்டி சரி.
மேசையில் கிடந்த ஆட்டுத்தோல்
சாயமேறி, எண்ணெய் குடித்து, இஸ்திரி போட்டு,
பின்பக்கம் சாக்பீஸில் சதுரடி எழுதி,
கப்பலுக்குத் தயார்.
திரையில் மட்டும்
குரோம் தொட்டியிலிருந்து அப்போதுதான் வழித்தெடுத்ததுபோல்
ஈர நீலம்.

ஷேடு பிரிக்கும் ஜைபுன்னிசா
என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள்.
"முடிஞ்ச சரக்கு டேபிள்ல
வெட் ப்ளூவ யாரு கொண்டாந்து போட்டது?"

ராணிப்பேட்டை சிப்காட்டில்
இருபது நாள் வேலை அது,
நீலத்திலிருந்து பழுப்புக்கு வருவது.
டிரம் சுற்றும் இரைச்சல், கொடியில் காயும் இரண்டு பகல்.
ஒரு நொடியில் அத்தனையையும் திரும்ப நடத்திவிட்டிருந்தேன்.
படத்தைத் திறக்கும்போது அந்த லைப்ரரி
நீலத்தை முதலில் வைக்கும்,
பச்சை நடுவில்,
சிவப்பு கடைசியில்.
எந்தக் காலத்துக் கேமராவோ அப்படிக் கொடுத்ததாம்.
பஸ் ஸ்டாண்டை மாற்றி இத்தனை வருஷமாகியும்
பழைய பெயருக்கே டிக்கெட் கிழிப்பதுபோல.

வரியைச் சேர்த்தேன்.
தோல் பழுத்தது.

வாங்குகிறவன் அந்த நிறத்தைக் கோன்யாக் என்கிறான்.
என்னிடம் அது மூன்று எண்:
நூற்றறுபத்தேழு, தொண்ணூற்றாறு, ஐம்பத்தொன்று.
ஜைபுன்னிசாவுக்கு மக்கன் பேடா.
பாகில் ஊறினது, ஊறாதது,
எண்ணெயில் ஒரு நிமிஷம் அதிகம் நின்றது என்று
மூன்று அடுக்கு வைத்திருக்கிறாள்.
அவள் கை தவறி நான் பார்த்ததில்லை.
பார்த்திருக்கிறேன், ஒரே முறை,
நோன்பு மாதத்தில், மாலை ஐந்தரைக்கு.

முதலில் நிறத்தை வட்டமாக்கிப் பார்த்தேன்.
வட்டத்தின் தொடக்கமும் சிவப்பு, முடிவும் சிவப்பு.
செர்ரித் தோல் ஒன்றை வைத்துச் சராசரி கேட்டேன்.
பாதிப் புள்ளிகள் பூஜ்யத்தருகே,
பாதி நூற்றெழுபத்தொன்பதருகே.
தொண்ணூறு என்றது, கூசாமல்.
தொண்ணூறு என்பது மயில்கழுத்து.
சிவப்பையும் சிவப்பையும் கூட்டி இரண்டால் வகுத்தால்
ஆரணித் தறியில் ஏறவேண்டிய நிறம் வருகிறது.

இப்போது வேறு நிறவெளியில் இருக்கிறேன்.
இங்கே வெளிச்சத்துக்குத் தனிக் கம்பம்.
ஒரு கயிறு பச்சையிலிருந்து சிவப்புக்கு,
இன்னொன்று நீலத்திலிருந்து மஞ்சளுக்கு.
இரண்டு தோல்களுக்கு நடுவே நூல் பிடித்து அளக்கலாம்.
இரண்டைத் தாண்டினால் வேறு லாட்.

இன்று ஒரு ஜோடிக்கு ஒன்று புள்ளி எட்டு.
பாஸ் போட்டேன்.
அவள் இரண்டையும் சுருட்டிக்கொண்டு
ஷெட்டுக்கு வெளியே போனாள்.
மே மாதம். பன்னிரண்டு மணி.
எந்த அட்டவணையிலும் இல்லாத வெள்ளை.
ஒரு தோல் அப்படியே இருந்தது.
மற்றது லேசாகப் பச்சை காட்டியது,
தூங்காதவன் கண்ணடி போல.
"டியூப்லைட்ல அக்கா தங்கச்சி,
வெயில்ல பங்காளி"
என்று என் கையில் கொடுத்துவிட்டுச் சாப்பிடப் போனாள்.

வெள்ளை எது என்று
அந்த வெளிக்கு முதலில் சொல்லவேண்டும்.
ஆறாயிரத்தைந்நூறு என்று இருந்தது, நான் போட்டதில்லை.
எங்கேயோ மேகம் மூடிய ஒரு நண்பகல்.
அதை மாற்ற முடியுமா என்று பார்த்துக்கொண்டே
மாலை ஆகிவிட்டது.

ஆற்காட்டுக்குப் போகும் பஸ்
பாலாற்றுப் பாலத்தில் நின்றுபோனது.
சும்மா ஒரு படம் எடுத்தேன்.
இரவு அதே நிரலில் திறந்தேன்.

மணல் மணலாக இருந்தது.
கரையில் ஓர் ஆடு, சரியான பழுப்பு.
நடுவில் தேங்கிய குட்டை மட்டும்
ஈர நீலம்.

விட்டுவிட்டேனோ என்று
மேலே போய்ப் பார்த்தேன்.

ஏழாவது வரி.
இருந்தது.