ஐந்நூற்று அறுபது மில்லிமீட்டர்

புதுப்பாளையம் மூன்றாம் குறுக்குத் தெருவில்
ஆறடி தோண்டினால்
கூப்பிடாமலே வந்துவிடும் ஊற்று.
கெடிலம் அந்தப் பக்கம்தான் ஓடுகிறது என்று
யாரும் அதனிடம் சொல்லவில்லை போல.

போன ஐப்பசியில்
கலியமூர்த்தி கான்ட்ராக்டர் இறக்கிய பிளாஸ்டிக் தொட்டி
ஒரே ராத்திரி மழையில் மிதந்து
தெருவுக்கு மேல் ஒரு முழம் எழுந்து நின்றது.
பால்காரர் வண்டியை நிறுத்திவிட்டு
ஒரு சுற்றுச் சுற்றி வந்து பார்த்தார்.
"லேசு மேடம், ரெண்டே பேர் தூக்கி வச்சோம்,
நீங்களே பாத்தீங்க."
பார்த்தேன்.
லேசாக இருந்ததுதான் அதன் குற்றம்.
மண்ணுக்குள் தங்க வேண்டிய எதற்கும்
ஒரு கனம் வேண்டும்.

ஆகவே கான்கிரீட்.
உப்பும் கந்தகமும் சீக்கிரம் தின்றுவிடாத சிமெண்ட்.
அடியில், தொட்டியைவிட அகலமாக ஒரு தளம்;
அந்த விளிம்பில் மண்ணே ஏறி உட்கார்ந்து
அழுத்திக்கொள்ளட்டும்.
முப்பது மீட்டருக்கு ஒன்று.
குழாய் திரும்பும் இடத்தில் ஒன்று, சரிவு மாறும் இடத்தில் ஒன்று.
சந்துக் குழாய் உயரத்தில் வந்து சேரும் இடத்தில்
கழிவு குதிக்காமல் இறங்க
ஓரமாய் நிமிர்த்திய ஒரு குழாய்.
இதுவரைக்கும் கோப்பு நகர்ந்தது.

மூடியில் நின்றுவிட்டேன்.

வட்டம்தான். சந்தேகமில்லை.
எப்படித் திருப்பினாலும்
வட்டம் தன் வாய்க்குள் தானே விழாது.
சதுரம் மூலைவாட்டில் ஏமாற்றும்.
வார்ப்பிரும்பு போட்டால் ஒரு மாதத்தில்
எடைக்குப் போய்விடும், அதையும் பார்த்திருக்கிறேன்.

ஆனால் வாயின் அகலம்?
ஐந்நூற்று அறுபது என்கிறது பழைய வரைபடம்.
அதைப் பார்த்து எழுதிய புதிய வரைபடமும்.
யார் தோளை அளந்து வந்த எண் இது?
அளக்கும்போது
சட்டை போட்டிருந்தானா அவன், கழற்றியிருந்தானா?

அட்டவணையில்
'ஆள்நுழைவுத் தொட்டி' என்று அச்சாகியிருந்தது.
சுற்றறிக்கைப்படி 'ஆள்' என்பதைச் சிவப்பு மையில் அடித்து
மேலே 'இயந்திர' என்று எழுதினேன்.
நுழைவு அப்படியே இருந்தது.

பிறகு எனக்கே ஒரு கெட்டிக்காரத்தனம் தோன்றியது:
நானூற்றைம்பது போட்டால்?
ஜெட் வண்டியின் குழாய் போகும். கேமரா போகும்.
தோள் போகாது.
சொல்லை அடிப்பதைவிட
அளவை அடித்துவிடலாமே.

வண்டி ஓட்டும் சூசைநாதனிடம் காட்டினேன்.
காகிதத்தைப் பார்க்கவில்லை அவர்.
இரண்டு கையையும் விரித்து
காற்றில் ஒரு அகலம் வைத்தார்.
"பெரிசாவே போடுங்க மேடம்.
தப்பி உள்ள போனவன
எது வழியா வெளிய எடுப்பீங்க?"

அப்புறம், கேட்காமலே:
"நாத்தம் வர்ற வரைக்கும் பயமில்ல.
நாத்தம் நின்னுச்சுன்னாதான்..."
வண்டிக்குத் தண்ணீர் நிரப்பப் போய்விட்டார்.

அறுநூறு என்று எழுதினேன்.
மூடிக்குக் கீழே பூட்டுப் போட்ட கம்பிவலை,
சாவி அலுவலகத்தில்.
சுவரில் பதிக்கும் படிக்கம்பிகளை மட்டும்
கோடு போட்டு நீக்கினேன்.
படி இருந்தால் இறங்கச் சொல்லும்.

தணிக்கையில் கேட்டிருக்கிறார்கள்:
படிக்கம்பி நீக்கியதற்குக் காரணம் என்ன?
இறங்க ஆள் இல்லை
என்று பதில் அனுப்பினேன்.
போதாதாம். விரிவாக எழுத வேண்டுமாம்.

இரவு பத்து மணிக்கு மேல்
அந்தத் தெரு வழியாகத்தான் வீட்டுக்குப் போகிறேன்.
முன்னால் போகும் ஆட்டோ
மூடிகள்மேல் ஏறி இறங்குகிறது.
சரியாக உட்கார்ந்த மூடி
ஒன்றும் சொல்லாது.
பத்து, பதினொன்று, பன்னிரண்டு என்று
வீடுவரை எண்ணுகிறேன்.

பதினேழு மட்டும் லேசாகத் தட்டுகிறது.
நாளைக்கு ரப்பர் வளையத்தை மாற்றச் சொல்ல வேண்டும்.