பக்கம் 117, வரி 9

காலாண்டுச் செய்திமடலுக்கு நான்கு வரி கேட்டார்
இயக்குநர் (பொறுப்பு). அவர் வேதியியல்.
பதிப்புத்துறை அவருக்குக் கூடுதல் பொறுப்பு,
கூடுதல் சாவிக்கொத்து.

எழுதிக் கொடுத்தேன்:
நமது வெளியீடுகள் இனி தேவைக்கேற்ப அச்சாகும்.
ஒரு பிரதி கேட்டால் ஒரு பிரதி.
கிடங்கு தேவையில்லை.
வாசகர்கள் மகிழ்ச்சி அடைவார்கள்.

நான்காவது வரியை அவர் அடிக்கவில்லை.
நான்தான் அடித்தேன்.
பெட்டி நிரம்பவில்லை என்று பிறகு திரும்பச் சேர்த்தேன்.

காரைக்குடி செக்காலை ரோட்டில் கிடங்கு,
முன்னால் சிமெண்ட் ஏஜென்சி.
இப்போதும் எந்தப் புத்தகத்தைத் தட்டினாலும்
கொஞ்சம் வீடு கட்டும் தூசி.
காதர் மைதீன் தராசோடு வந்தார்.
கிலோ பதினொன்று. கெட்டி அட்டை என்றால் ஒன்பது.
எங்கள் ஆய்வுநூல்கள் எல்லாமே கெட்டி அட்டை.
"படிச்சவங்க எழுதுனா கனமாத்தான் இருக்கும்" என்றார்.
கேலி இல்லை,
எடை போடுகிறவர் பேச்சு.

ஊருணிகளும் வரத்துக்கால்களும். முனைவர் உமையாள்.
அச்சிட்டது ஐந்நூறு, விற்றது அறுபத்தொன்று,
இலவசம் நாற்பது, கரையான் பதின்மூன்று,
இருப்பு முந்நூற்று எண்பத்தாறு.
எண்ணினேன். பேரேட்டுக்குச் சரியாக இருந்தது.
பதினாறு வருஷத்தில்
ஒன்றைக்கூட யாரும் திருடவில்லை.

ஒவ்வொன்றிலும் ஒரு ரோஸ் நிறத் துண்டு, நான் ஒட்டியது.
வேலையில் சேர்ந்த முதல் மாதம்
கோந்து பாட்டிலும் ஈரத் துணியுமாக ஒன்பது நாள்.
'பக்கம் 117, வரி 9: கிழக்கே என்பதை
மேற்கே எனத் திருத்தி வாசிக்கவும்.'
உமையாள் மேடம் பக்கத்திலேயே நின்றார்.
அச்சகத்தைத் திட்டவில்லை.
"ஓடைக்குள்ள நடந்த காலுக்குத் தெரியும்,
கைதான் மாத்தி எழுதிடுச்சு" என்றார்.

ஆடியில் ஓர் ஆர்டர். ஒரே பிரதி.
திருமயம் பக்கம் ஓர் உதவிப் பொறியாளர்,
பெயர் இன்னாசியம்மாள்.
சென்னையில் ஏதோ இயந்திரம் அச்சடித்து
நேராக அவருக்கே அனுப்பிவிட்டது.
எனக்கு வந்தது மாதிரிப் பிரதி.
வெள்ளை வெளேரென்று, தட்டினால் தூசி இல்லை.
நூற்றுப் பதினேழைப் புரட்டினேன்.
துண்டும் இல்லை.
கோப்பில் எப்படி இருக்கும்,
அது கோந்தில் அல்லவா இருந்தது.

கிழக்கே.

திருத்தலாமா என்று கேட்டேன்.
கடவுச்சொல் ஒப்பந்தக்காரரிடம்.
ஒப்பந்தக்காரருக்குப் புத்தகத்துக்குத்தான் ரேட்,
வரிக்கு இல்லை.
திருத்திய பதிப்பு என்றால் குழு கூட வேண்டும்.
குழு கூட இயக்குநர் வேண்டும்,
அடைப்புக்குறி இல்லாத இயக்குநர்.

பில்லில் இருந்த நம்பருக்குப் பேசினேன்.
பின்னால் பொக்லைன் சத்தம்.
"எந்தப் பக்கம் தோண்டுறீங்க?"
"புத்தகத்துல போட்ட பக்கந்தாங்க.
காலையிலேருந்து. இன்னும் கால்வாயக் காணோம்."
"நிறுத்தச் சொல்லுங்க."

விற்பனைப் பிரிவில் பதினாறு வருஷம்.
ஒரு வாசகரோடு நான் பேசிய முதல் வாக்கியம் அது.

சத்தம் நின்றது.
"அப்ப இந்தப் பக்கம் என்னங்க இருக்கு?"
தெரியாது என்றேன்.
அதற்குத் துண்டு அச்சடிக்கவில்லை.

காதர் மைதீன் லாரியில் ஏற்றிக்கொண்டிருந்தார்.
ஒரு பிரதியைத் திரும்ப வாங்கினேன்.
அறுநூற்று நாற்பது கிராம்,
ஆறு ரூபாய் வைத்துக்கொண்டார்.
ஈரத் துணியை நூற்றுப் பதினேழின் மேல் போட்டு
டீ வரும்வரை காத்திருந்து உரித்தேன்.
அடியிலிருந்த எழுத்தில் பாதி அதோடு வந்துவிட்டது.
பொறியாளர் விலாசம் எழுதி, ஐந்து ரூபாய் தலை ஒட்டி,
தபால் பெட்டியில் போட்டேன்.
நூலாசிரியருக்கு உரிமைத்தொகை அந்தப் பிரதிக்கு இருபத்திரண்டு.

மாலையில் பேரேட்டில் எழுதினேன்:
இருப்பு ஒன்று.
சேதம்: பக்கம் 117, வரி 9.