ஏழாம் படி

பெட்டிக்குள் இருந்த தாளில், ஏழாம் படியில்
ஒரு கேள்வி:
விரித்தா, மடித்தா?
பசை போடமுன் முடிவெடுக்கவேணும்.

வெள்ளவத்தை லொட்ஜ், அறை பதினொன்று.
மாத்தறை ரயில் போய் மேசை அடங்கியபிறகுதான்
சாவணத்தால் பிணைச்சலை எடுப்பேன்.
எறும்புக் காலளவு.
கப்பலில் இடம் போதாத விமானங்கள்
இப்படித்தான் நிற்குமாம்,
இரண்டு கையையும் தலைக்குமேல் தூக்கி.

எனக்கு அது பிடிக்கவில்லை.
விரித்தே ஒட்டினேன். அலுமாரிக்கு மேலே வைத்தேன்.

இரவு ஒன்றரைக்குக் கதவு.
அடையாள அட்டை, பொலிஸ் பதிவு, எங்கே வேலை.
டோர்ச் வெளிச்சம் மேலே ஏறி
அங்கேயே நின்றது.
"மே மொகத?"
விளையாட்டுச் சாமான் என்றேன்,
முப்பத்தொன்பது வயதில்.
பறக்குமா?
பறக்காது சேர்.

மீசை சரியாக முளைக்காத ஒருவன்
துவக்கை முதுகுக்குத் தள்ளிவிட்டுக் கிட்ட வந்தான்.
செட்டையில் அந்த மடிப்புக் கோட்டைக் கண்டிருக்கவேணும்.
ஒரு விரலால், மெல்ல, மேலே தள்ளினான்.
டிக்.
"அனே" என்றான்.

உடைந்த துண்டை என் உள்ளங்கையில் வைத்து
விரல்களை அவனே மடித்துவிட்டான்.

பிறகு பன்னிரண்டாம் அறையைத் தட்டினார்கள்.