ஒற்றைத் தடம்

பகல் முழுக்க டிராம் ஓட்டுகிறேன்.
இரவில், வீட்டில், கணினித் திரையில்
மறுபடியும் டிராம் ஓட்டுகிறேன்.
"சமையல்காரன் வீட்டுக்கு வந்தும்
வெங்காயம் நறுக்குவானா?" என்கிறான் ஸ்பிஷ்கோ.
நறுக்குவான்,
அழவைக்காத வெங்காயம் கிடைத்தால்.

பழைய கணினிக்கு மூச்சு முட்டுகிறது.
திரையில் பனி கொட்டத் தொடங்கினால்
என் வண்டி விக்குகிறது,
நிறுத்தத்தைத் தாண்டிப் போய் நிற்கிறது.
நிஜத்தில், பதினொரு வருடத்தில்,
ஒருமுறைகூட நான் அப்படி நின்றதில்லை.
(ஒருமுறை. தண்டவாளத்தில் இலைச் சேறு.
அதைக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.)

பியோத்ர்கோவ்ஸ்கா தெருக் கடையில் லெஷெக்
கண்ணாடிப் பேழையைத் திறந்தான்.
நகைக்கடைக்காரனின் முகம்.
"எட்டு கோர் எடுங்கள். நாளைக்கும் உதவும்."
நாளைக்கு!
நாளைக்கு நாலரை மணி ஷிஃப்ட்,
எனக்குத் தெரிந்த நாளை அவ்வளவுதான்.

வீட்டுக்கு வந்து
டிராமை ஓட்டிக்கொண்டே மீட்டரைப் பார்த்தேன்.
ஒரு பட்டை உச்சியில் தலை முட்டி நிற்கிறது,
மற்ற மூன்றும் தரையோடு படுத்துக் கிடக்கின்றன.
தெரிந்த காட்சிதான்.
ஊர் எல்லை தாண்டியதும் ஒற்றைத் தடம்.
எதிர்வண்டி வரும்வரை ஆறு நிமிடம்
கைகட்டி உட்கார்ந்திருப்பேன்.
பக்கத்தில் நான்கு வழிச் சாலை
வெறிச்சோடிக் கிடக்கும்.
கிடந்து என்ன செய்ய?

ஆறு கோர் போதும், வேகமான ஆறு, என்றேன்.
"எனக்கு எட்டு" என்றான் ஸ்பிஷ்கோ.
புறாப் பந்தய வீடியோக்களை வெட்டி ஒட்டுகிறான்.
நாற்பது நிமிட வானம்,
அதில் நான்கு நொடிப் புறா.
மூன்று இரவு சாப்பாட்டு மேசையில்
முட்டைக்கோஸ் ஆறிப்போக
கோர்களை எண்ணினோம்.
வாட் கணக்கில் கத்தினோம்.
"நூற்றி இருபத்தைந்து வாட்டா?
இது கணினியா, அடுப்பா?"
"குளிர்காலம் வருகிறதே" என்றான்.
அதற்கு என்னிடம் பதில் இல்லை.

கடைசியில் இரண்டுமில்லை.
செஸாரி என்றொரு பையன் நார்வே போகிறான்,
மீன் ஆலையில் வேலை.
பழைய பிராசசரை விற்கிறான்:
எட்டு கோர், வேகமும் மோசமில்லை,
அறுபத்தைந்து வாட், நானூற்று முப்பது ஸ்லோத்தி.
தயிர் டப்பாவில் பஞ்சு வைத்துக் கொடுத்தான்.
அவசரத்தில் திறந்து பார்க்கவில்லை.

திறந்தால்
ஓரத்தில் ஐந்து பின்கள் சாய்ந்திருந்தன,
திடீரென்று பிரேக் போட்டால்
நின்றிருக்கும் ஆட்கள் சாய்வதுபோல.
செஸாரியின் போன் அணைந்திருந்தது.

நான் தொடவில்லை.
என் கை லீவருக்குப் பழகிய கை.
ஸ்பிஷ்கோதான்
முள் இல்லாத பென்சில் ஒன்றை எடுத்தான்,
அதன் முனைக் குழாய்க்குள்
ஒரு பின்னை நுழைத்தான்.
வாரம் ஒரு கோப்பை உடைக்கிற கை.
ஆனால் ஏழு நாள் குஞ்சின் காலில்
வளையம் மாட்டுவதும் அதே கைதான்,
மறந்தே போயிருந்தேன்.
நான் டார்ச் பிடித்தேன்.
நாலாவது பின்னில்
"மூச்சு விடாதே" என்றான், என்னைப் பார்த்தா,
பிராசசரைப் பார்த்தா, தெரியவில்லை.

ஐந்தும் நிமிர்ந்தன. ஒன்று கொஞ்சம் கோணல்.
விசை தட்டினோம். விசிறி சுழன்றது.
திரை கறுப்பு.
கறுப்பு.
மெமரியைக் கழற்றி மாட்டியதும் வெளிச்சம்.

இப்போது புதுச் சண்டை.
அவன் வீடியோ ஓடினால் எட்டு கோரும் அவனுக்கு,
என் டிராம் மறுபடி விக்குகிறது.
ஆகவே குளிர்பெட்டிக் கதவில்
நேர அட்டவணை.
எட்டரை முதல் பத்து வரை டிராம்.
புறாக்கள் காத்திருக்க வேண்டும்.

நேற்று திரையில் பனி.
வெளியே இன்னும் விழவில்லை.
வண்டி விக்காமல் போய்
கோட்டிலேயே நின்றது.
கதவைத் திறந்தேன்.
எண்களால் ஆன ஒரு பெண்
குடையோடு நிற்கிறாள், ஏறவில்லை.
இருந்தாலும்
பதினைந்து நொடி பார்த்துவிட்டுத்தான்
கதவை மூடினேன்.