தங்கத் தராசில் ஓர் ஓணான்

கடைக் கதவை முக்கால்வாசி இறக்கிய பிறகு
தராசில் ஒரு துவாயை மடித்து விரித்து
பூச்சியத்துக்குக் கொண்டுவந்து
அதன்மேல் ஓணானை வைக்கிறேன்.
நூற்றி எழுபத்தாறு கிராம்.
பழக்கதோசம், மனம் உடனே எட்டால் பிரிக்கிறது:
இருபத்திரண்டு பவுண்.

பாண்டிருப்பு நிரோஜன் விட்டுப் போனது.
தோஹாவுக்கு ஏற மூன்று நாள் இருக்க
தாயின் பதக்கச் சங்கிலியை அடகு வைத்தான்.
கையோடு கண்ணாடிப் பெட்டியையும்
மேசையில் தூக்கி வைத்தான்.
"ஒரு கிழமைக்குத்தான் அக்கா. மச்சான் வந்து எடுப்பான்."
சங்கிலிக்குச் சீட்டு எழுதினேன்.
இதற்கு என்ன எழுதுவது?
மச்சான் வரவேயில்லை.

தாடி ஓணான். அவுஸ்திரேலியப் பாலைவனத்துக்காரன்.
கல்முனை பஸார் வீதியில்
வாலடி இருபக்கமும் ஒட்டி
இடுப்பெலும்பு தோலைக் கூடாரமாய்த் தூக்கி நிற்க,
தலையில் இரண்டு குழி.
என் சுண்டுவிரல் நுனி
அதற்குள் சரியாக அடங்கியது.

முதல் நாள் நான் செய்தது பிழை.
பாவம் என்று ஒரு பிடி புழுவைக் கொட்டினேன்.
அத்தனையையும் கக்கிவிட்டு
என்னைப் பாராமல் கிடந்தது.

"நான் மாடு பார்க்கிற ஆள்" என்றார் டொக்டர் ஷிஹாரா.
என்றாலும் பேராதனையில் கூடப் படித்தவருக்குப் போன் எடுத்தார்.
"முதலில் தண்ணி. தீன் பிறகு.
கனக்கப் பட்டினி கிடந்ததுக்கு
வயிறு நிறையக் குடுத்தால் அதுவே கொன்றுபோடும்."

அதனால் தண்ணீர்.
இளஞ்சூட்டில், பேசினில், தோள் நனையும் வரை மட்டும்.
மூக்கு நுனியில் ஒரு சொட்டு.
நீண்ட யோசனை.
பிறகு நாக்கு.

சம்மாந்துறை வயலில் வெட்டுக்கிளி கொட்டிக் கிடக்கிறது,
ஆனால் போன கிழமைதான் மருந்தடித்தார்கள்.
பின்னறையில் முட்டைத் தட்டு அடுக்கி
கரப்பொத்தான் வளர்க்கிறேன்.
வீட்டில் யாருக்கும் சொல்லவில்லை.
கல்சியத் தூளில் புரட்டி எடுத்தால்
கரப்பொத்தானும் கலியாண வீட்டுப் பலகாரம்.
ஒன்று. மறுநாள் ஒன்றரை.
முருங்கையிலையைத் திரும்பியும் பார்க்காது.
செவ்வரத்தம் பூவென்றால் கண்ணை மூடிக்கொண்டு மெல்லும்.

கரண்ட் போன இரவில்
சுடுதண்ணீர்ப் போத்தலைச் சீலையில் சுற்றி
பக்கத்தில் கிடத்தினேன்.
அது தாடியைக் கறுப்பாக்கி என்னை முறைத்தது.
முறைக்கத் தெம்பு வந்துவிட்டதே என்று
நிம்மதியாய்ப் படுத்தேன்.

அடகுக் கொப்பியின் கடைசித் தாளில்
நூற்றி எழுபத்தாறு. எழுபத்துநாலு. எழுபத்தெட்டு.
எண்பத்தாறு.
ஒருநாள் தாஜுல் முதலாளி புரட்டிப் பார்த்தார்.
"இது ஆர்ர சாமான் புள்ள? சீட்டும் இல்ல, பேரும் இல்ல.
நாளுக்கு நாள் நிறை கூடுற தங்கம்
உனக்கு எங்க கிடைச்ச?"
கூட்டிப்போய்க் காட்டினேன்.
அல்லாவே என்று இரண்டடி பின்னால் போனார்.
ஓணான் ஒரு முன்னங்காலைத் தூக்கி
மெல்ல, மிக மெல்ல, அவருக்குக் கையசைத்தது.

படம் எடுத்துத் தோஹாவுக்கு அனுப்பினேன்.
பச்சைக் கோடு இரண்டு விழுந்து
இரவு பதினொரு மணிக்குப் பதில்:
"இப்ப வித்தா எவ்வளவு வரும் அக்கா?"
வட்டி கட்டாமல் மீட்க ஏலாது என்று எழுதினேன்.
சங்கிலியைச் சொன்னேன் என்று
நினைத்திருப்பான்.

இன்றைக்குப் பத்தொன்பதாம் நாள்.
நூற்றித் தொண்ணூற்றி மூன்று.
முதலாளி மூக்குக்கண்ணாடியோடு குனிந்து நிற்க
ஓணான் வாலைத் தூக்கியது.
பதினொரு நாளாய் வயிற்றுக்குள் இருந்ததெல்லாம்
துவாயைத் தாண்டித் தட்டில்.

இறக்கித் துடைத்துத் திரும்ப வைத்தோம்.
நூற்றி எண்பத்தொன்பது.
"நாலு கிராம் நட்டம்" என்றார் முதலாளி.
நான் சிரித்த சிரிப்பில்
பக்கத்துச் செருப்புக்கடைப் பொடியன்
கதவுக்குக் கீழால் எட்டிப் பார்த்தான்.
குடல் வேலை செய்கிறது, காக்கா,
குடல் வேலை செய்கிறது!

காலை ஒன்பது மணிக்கு
காரைதீவிலிருந்து ஒரு தாலி நிறுக்க வரும்.
தேசிக்காய்த் தண்ணீரால் தட்டைத் துடைத்தேன்.
முகர்ந்தேன்.
இன்னொருக்கால் துடைத்தேன்.