எண்பது பீடி நேரம்

நாலு கேப்சூல். சிவப்பும் மஞ்சளுமாய்.
ஒரே மடக்கில் விழுங்கச் சொன்னார் ஜெபக்கனி டாக்டர்.
சுவர்க் கடிகாரத்தில் பத்தேகால்.
"பதினொண்ணேகாலுக்குத்தான் பல்லைத் தொடுவேன்.
அதுவரை வெளியே இரிங்க, செய்யதலி பாத்திமா."

ஒரு மணி நேரம் என்றால்
எனக்கு எண்பது பீடி.
மேலப்பாளையத்தில் தட்டை மடியில் வைத்தால்
அப்படித்தான் நேரம் பார்ப்பேன்.
பாளையங்கோட்டை பெஞ்சில்
இலை இல்லை, தூள் இல்லை.
விரல் சும்மா இருக்குமா,
முந்தானை நுனியைச் சுருட்டுகிறது
பிரிக்கிறது
சுருட்டுகிறது.

பல்லுக்கும் நெஞ்சுக்கும் என்ன கொடுக்கல் வாங்கல் என்று
போன வாரமே கேட்டுவிட்டேன்.
வாய்க்குள் குடியிருக்கிற கிருமி
பல்லைப் பிடுங்கும்போது ரத்தத்தில் ஏறிவிடுமாம்.
மற்றவர் உடம்பில் ஒதுங்க இடமில்லாமல் செத்துப்போகும்.
என் நெஞ்சில் ஓர் உலோகக் கதவு இருக்கிறது,
மதுரையில் வைத்தது.
ராத்திரி ஊர் அடங்கினால்
பக்கத்தில் படுத்திருப்பவருக்கும் அது கேட்கும்.
அதன் விளிம்பில் ஒட்டிக்கொண்டால் பெயர்க்க முடியாது.
"முன்கூட்டியே காவல் போடுதோம்" என்றார்.

பத்து வயதில் எனக்குத் தொண்டைவலி,
பிறகு முட்டி வீக்கம், பிறகு காய்ச்சல்.
உப்புத் தண்ணியில் கொப்பளி என்றார்கள்.
அன்றைக்கு வந்திருக்க வேண்டிய காவல்
இருபத்தாறு வருஷம் கழித்து
ஒரு டம்ளர் தண்ணீரோடு வந்திருக்கிறது.

எதிர் பெஞ்சில் பேட்டை அரிசி ஆலைக்காரர்
சொரிமுத்து அண்ணாச்சி. கன்னத்தில் கை.
"அந்தப் பிள்ளைக்கு மட்டும் முன்னாலயே குடுத்தியள்லா,
எனக்கும் நாலு தாங்க.
துட்டு என்னன்னு சொல்லுங்க."
"உங்க நெஞ்சு திடமா இருக்கு அண்ணாச்சி, வேண்டாம்.
சும்மா சும்மா முழுங்குனா கிருமி பழகிக்கிடும்.
நெசமாவே வேணும்ங்கிற அன்னைக்கு
மருந்து சொன்ன பேச்சு கேக்காது."
"அப்பம் நான் வேற டாக்டர்ட்ட பாத்துக்கிடுதேன்."
எழுந்தார். போகவில்லை.
என்னை ஒரு பார்வை பார்த்தார்.
கழுத்தில் கவரிங்கூட இல்லாத என்னை
யாரும் அதுவரை
பொறாமையாய்ப் பார்த்ததில்லை.

பதினொன்று பதினெட்டு.
ஊசி. மரத்த உதடு.
தாடைக்குள் பழைய நிலைக்கதவைப் பெயர்க்கிற சத்தம்.
ரத்தம் உறையாதிருக்க தினம் ஒரு மாத்திரை தின்கிறவள் நான்,
அதனால் லேசில் நிற்கவில்லை.
பஞ்சைக் கடித்தபடி
இன்னொரு நாற்பது பீடி.

பஸ்ஸில் கண்டக்டர் கேட்டார்: "எங்கம்மா எறங்கணும்?"
வாயைத் திறக்கக் கூடாது.
கையால் ஆற்றுப் பக்கம் காட்டினேன்.
அவர் என்ன புரிந்துகொண்டாரோ,
இலவச டிக்கெட்டைக் கிழித்து நீட்டினார்.
விரல்கள் அதை வாங்கி
நுனியில் தொடங்கி
இறுக்கமாய்ச் சுருட்டின.